ஒரே லோகோ, ஐந்து கடையில் ஐந்து விலை ஏன்? மதுரையில் எம்ப்ராய்டரி தொப்பி ஆர்டரின் பின்னணி

ஆபீஸ் கிரிக்கெட் டீமுக்கு 25 தொப்பி வேண்டும். முன்பக்கம் டீம் லோகோ, பக்கவாட்டில் ஆளாளுக்குப் பெயர். ஞாயிற்றுக்கிழமை மேட்ச், இன்றைக்குத் திங்கள். லோகோவை வாட்ஸ்அப்பில் ஐந்து கடைகளுக்குத் தட்டிவிட்டால் ஐந்து விதமாகப் பதில் வருகிறது. ஒருவர், "நூறு பீஸுக்குக் கீழ எடுக்குறதில்லண்ணே" என்கிறார். இன்னொருவர், "பஞ்சிங் சார்ஜ் தனி" என்கிறார். மூன்றாமவர் எல்லோரையும்விடக் குறைந்த விலை சொல்லி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார்.

ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பேரவை, தெருவுக்கு ஒரு கிரிக்கெட் டீம், கல்லூரி விழா, கம்பெனி ஆண்டு விழா, மாரத்தான் ஓட்டம் என்று மதுரையில் தொப்பிக்கும் டி-ஷர்ட்டுக்கும் ஆர்டர் வராத மாதமே இல்லை. ஆனாலும் ஒரு தொப்பியில் பெயர் தைக்க ஆகும் செலவு எப்படி வருகிறது என்பது ஆர்டர் கொடுப்பவர்களில் பலருக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் வாடிக்கையாளர் ஏமாறுகிறார். சில சமயம் தைப்பவரும் நஷ்டப்படுகிறார்.

இது மதுரைக்குப் புதிதா?

இல்லை. சொல்லிச் செய்யும் தொப்பி இந்த ஊரில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷினுக்கு வெகுகாலம் முன்பே உண்டு. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை எதிர்கொண்டு தண்ணீர் பீய்ச்சும் பக்தர்கள் அழகர் வேடம் போடுவார்கள். கச்சை, சல்லடம், உருமா ஆகியவற்றோடு சரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைத்த தொப்பியும் அந்த வேடத்தில் சேரும். அவரவர் தலை அளவுக்கு, அவரவர் கேட்கும் நிறத்தில் தைத்துக் கொடுப்பது புதுமண்டபத்துத் தையல்காரர்களின் வேலை. திருவிழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே அங்கு மெஷின் சத்தம் ஓயாது.

மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த காட்சி, வெளிநாட்டுப் பயணிகள் கேமராவில் பிடித்துச் செல்லும் மதுரைப் படங்களில் ஒன்றாக இருந்தது. மண்டபத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் கடைகள் அங்கிருந்து அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டன.

மண்டபம் காக்கப்பட வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால், கோயிலுக்கு வருகிறவர் கண்ணில் பட்டு, நின்று விலை கேட்டு, அங்கேயே அளவு கொடுத்துவிட்டுப் போகும் வியாபாரம் அது. தேடிக் கண்டுபிடித்து மாடியேறி வர வேண்டிய இடத்துக்கு அது மாறும்போது, கையால் தைப்பவருக்குப் போன் ஆர்டரும் வாட்ஸ்அப்பும் முக்கியமாகிவிடுகின்றன. போன் ஆர்டர் என்று வந்துவிட்டால் போட்டி பக்கத்துக் கடையோடு நிற்பதில்லை. திருப்பூர், டெல்லி, ஆன்லைன் கம்பெனிகள் என எல்லோரும் அதே போன் திரையில் இருக்கிறார்கள்.

லோகோ அனுப்பினால் போதாதா? 'பஞ்சிங்' என்பது என்ன?

எம்ப்ராய்டரி மெஷினுக்குப் படம் தெரியாது. ஊசி எந்தப் புள்ளியில் இறங்க வேண்டும், அடுத்து எத்தனை மில்லிமீட்டர் நகர வேண்டும், எப்போது நூலை அறுத்து நிறம் மாற்ற வேண்டும் என்ற கட்டளைகள்தான் அதற்குப் புரியும். வாட்ஸ்அப்பில் வரும் ஜேபிஜி படத்தைப் பார்த்து, ஒருவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தக் கட்டளைகளை உருவாக்க வேண்டும். இதற்குப் பெயர் டிஜிட்டைசிங். கடைக்காரர்கள் பேச்சில் அது பஞ்சிங். முடிவில் கிடைக்கும் கோப்பு பெரும்பாலும் டிஎஸ்டி வகையில் இருக்கும். இது ஜப்பானின் தாஜிமா மெஷின்களுக்காக வந்த வடிவம். இன்று ஏறக்குறைய எல்லா கம்பெனி மெஷின்களும் இதைப் படிக்கின்றன.

பஞ்சிங் நன்றாக இருந்தால்தான் தையல் நன்றாக இருக்கும். துணி இழுபடும் அளவை முன்கூட்டியே கணித்து, அடித்தையல் போட்டு, மேல்தையலின் திசையை முடிவு செய்வது அனுபவ வேலை. சாஃப்ட்வேரில் ஒரு பட்டனைத் தட்டி ஆட்டோமேட்டிக்காக மாற்றிய கோப்பில் ஓரங்கள் பிசிறும், வட்டம் முட்டை வடிவமாகிவிடும்.

சட்டைக்குச் செய்த பஞ்சிங் தொப்பிக்கு அப்படியே உதவாது என்பதையும் கவனிக்க வேண்டும். தொப்பி வளைவானது. அதைத் தனி ஃப்ரேமில் மாட்டி, வழக்கமாகக் கீழிருந்து மேலாகவும் நடுவிலிருந்து ஓரமாகவும் தைப்பார்கள். இல்லையென்றால் துணி சுருங்கி லோகோ கோணலாகும். தைக்கக் கிடைக்கும் உயரமும் குறைவு. பெரும்பாலான தொப்பிகளில் முன்பக்கம் சுமார் 5 முதல் 6 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். ஆறு துண்டுத் துணியில் செய்த தொப்பியில் நெற்றிக்கு நேரே ஒரு தையல் கோடு ஓடும். சின்ன எழுத்து அந்தக் கோட்டின் மேல் விழுந்தால் உடைந்து தெரியும். ஐந்து துண்டுத் தொப்பியில் இந்தப் பிரச்சினை இல்லை.

ஒரு பீஸுக்கு ஏன் அவ்வளவு விலை?

ஒரு பீஸோ, நூறு பீஸோ, பஞ்சிங் வேலை ஒன்றுதான். கணக்கு புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்ளலாம். இது சந்தை விலை அல்ல, கடைக்குக் கடை மாறும். பஞ்சிங் 500 ரூபாய், வெறும் தொப்பி 90 ரூபாய், லோகோவில் 8,000 ஸ்டிச், ஆயிரம் ஸ்டிச்சுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தைக்கும் கூலி 40 ரூபாய்.

ஒரே ஒரு தொப்பி என்றால் 500, 90, 40 மூன்றும் சேர்ந்து 630 ரூபாய். 25 தொப்பி என்றால் பஞ்சிங் செலவு தலைக்கு 20 ரூபாயாக இறங்கும். ஒரு தொப்பி 150 ரூபாய். நூறு தொப்பி என்றால் 135 ரூபாய். அதாவது 1-லிருந்து 25-க்குப் போகும்போது விலை சடாரென விழுகிறது. 25-லிருந்து 100-க்குப் போகும்போது குறைவது வெறும் 15 ரூபாய். "நூறு போட்டா ரொம்ப லாபம்ண்ணே" என்று சொல்லி, தேவையில்லாத 75 தொப்பியைத் தலையில் கட்டும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆளாளுக்குப் பெயர் தைப்பது தனிக் கதை. ஒவ்வொரு தொப்பிக்கும் வேறு கோப்பு, வேறு முறை ஃப்ரேம் மாட்ட வேண்டும். அதனால்தான் 25 தொப்பியில் 25 பெயர் என்றதும் பல கடைகள் தயங்குகின்றன.

நூறு பீஸுக்குக் கீழே எடுக்காதவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள்?

காரணம் மெஷினில் இருக்கிறது. தொப்பியில் நிமிடத்துக்குச் சுமார் 600 ஸ்டிச் வேகத்தில் ஓட்டினால் 8,000 ஸ்டிச்சுக்கு 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். மாட்டிக் கழற்றும் நேரமும் சேர்த்து 15 நிமிடம் என்று வைத்தால், ஒரு ஹெட் உள்ள மெஷினில் மணிக்கு 4 தொப்பி. நூறு தொப்பிக்கு 25 மணி நேரம். ஆறு ஹெட் மெஷினில் ஒரே சமயத்தில் 6 தொப்பி ஓடும். நூறு தொப்பி நாலரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஆனால் ஆறு ஹெட் மெஷினில் ஒரு ஹெட்டில் மட்டும் வேலை செய்தால், மற்ற ஐந்தும் சும்மா நிற்கும். எனவே பெரிய மெஷின்காரர் சின்ன ஆர்டரை ஒதுக்குவது திமிரால் அல்ல. அவருக்கு அது கட்டுப்படியாகாது. 10, 20 பீஸ் தேவைப்படுகிறவர்கள் ஒற்றை ஹெட் மெஷின் வைத்திருப்பவரைத் தேடுவதே சரி. பெயர்களை மட்டும் கையெம்ப்ராய்டரி அல்லது ஜிக்-ஜாக் மெஷினில் ஓட்டிக் கொடுக்கும் பழைய தையல்காரர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பஞ்சிங் தேவையில்லை. பென்சிலால் வரைந்துகொண்டு ஓட்டுவார்கள். ஒரு பீஸ் வேலைக்கு அவர்களிடம் போவதே பல நேரம் மலிவு.

இன்னொரு வழி, லோகோவைத் தனித் துண்டுத் துணியில் தைத்து, பேட்ச்சாகத் தொப்பியில் ஒட்டித் தைப்பது. தட்டையான துணியில் தைப்பதால் வேலை சுலபம், பிழையும் குறைவு. பேட்ச் மிஞ்சினால் அடுத்த வருடமும் உதவும்.

தமிழில் எழுதினால் மட்டும் ஏன் சொதப்புகிறது?

"வாடிவாசல் நண்பர்கள்" என்று தைக்கச் சொன்னால் புள்ளிகள் காணாமல் போய் "வாடிவாசல நணபரகள" என்று வந்து நிற்கும் கூத்து அடிக்கடி நடக்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது நூலின் தடிமன். எம்ப்ராய்டரியில் அதிகம் புழங்கும் 40-ஆம் எண் நூல் விழும் அகலம் சுமார் 0.4 மில்லிமீட்டர். சின்ன எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி ஒரு மில்லிமீட்டர்தான் வரும். இரண்டு மூன்று நூல் அகலத்துக்குள் ஒரு வட்டத்தைத் தைக்க முடியாது. ஒன்று புள்ளி மறையும், அல்லது எழுத்தோடு ஒட்டிக் கொள்ளும். ண, ஞ போன்ற சுழியெழுத்துகளின் உள்வெளியும் இப்படித்தான் அடைபடும். ஆங்கிலப் பெரிய எழுத்து 5 மில்லிமீட்டர் உயரத்தில் படிக்கும்படி வந்தால், தமிழ் எழுத்து அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். புள்ளியைச் சாதாரண அச்செழுத்தில் இருப்பதைவிடப் பெரிதாக்கி, எழுத்திலிருந்து சற்றுத் தள்ளி வைக்கச் சொல்லலாம்.

இரண்டாவது எழுத்துரு. போனில் டைப் செய்வது யூனிகோட். பல கடைகளில் இருக்கும் பழைய டிசைன் சாஃப்ட்வேர்களில் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். "கொ" என்பது சிதறி, கொம்பு பின்னால் போய் நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத வெளிமாநிலக் கம்பெனிக்கு ஆன்லைனில் அனுப்பினால் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க அங்கே ஆளே இருக்காது. இந்த ஒரு விஷயத்தில் உள்ளூர்க் கடைக்குத் தெளிவான சாதகம் உண்டு. எங்கே கொடுத்தாலும் எழுத்தைப் படமாகவோ, பிடிஎஃப் ஆகவோ அனுப்புவது பாதுகாப்பு.

எந்த நூல், எந்தத் தொப்பி?

மதுரைக்கு நூல் பாடம் யாரும் எடுக்கத் தேவையில்லை. ஹார்வி மில் என்று ஊரார் அழைத்த மதுரா மில்ஸ் 1892-இல் இங்கே ஓடத் தொடங்கியது. மதுரா கோட்ஸ் என்ற பெயரில் அது நாடு முழுக்கத் தையல் நூலுக்கு அடையாளமானது.

எம்ப்ராய்டரி மெஷினில் இன்று அதிகம் ஓடுவது ரேயான், பாலியஸ்டர் என்ற இரண்டு நூல்கள். ரேயான் பளபளப்பாக இருக்கும், மென்மையாக விழும். ஆனால் நனைந்தால் வலுக்குறையும், வெயிலிலும் பிளீச்சிலும் சீக்கிரம் நிறம் போகும். மதுரை வெயிலில், வியர்வையில் ஊறும் தொப்பிக்குப் பாலியஸ்டர்தான் பொருத்தம். தொப்பியின் முன்பக்கம் உள்ளே பக்ரம் வைத்து விறைப்பாக இருந்தால் லோகோ சுருங்காமல் நிற்கும். பக்ரம் இல்லாத மெத்துத் தொப்பியில் அடர்த்தியான லோகோ போட்டால் நெற்றிப் பகுதி உப்பிக்கொள்ளும்.

ஜிஎஸ்டி எவ்வளவு?

2025 செப்டம்பர் 22-இல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில் துணித் தொப்பிகளுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 25 தொப்பியின் விலை 3,750 ரூபாய். முன்பு அதற்கு வரி 450 ரூபாய், இப்போது 187 ரூபாய் 50 காசு. காந்தி தொப்பிக்கு ஜிஎஸ்டி தொடக்கத்திலிருந்தே கிடையாது. காந்தி தொப்பியையும் மேலாடையையும் விட்டு அரையாடைக்கு மாறியதும் இதே மதுரையில், 1921-ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 22-இல்தான்.

பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்யாத கடை பில்லில் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடையும் வாடிக்கையாளரிடம் தனியாக வரி கேட்க முடியாது. ஜிஎஸ்டி என்று தனியாகப் பணம் கேட்டால் பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.

எந்த லோகோவையும் தைக்கலாமா?

முடியாது. பிரபல ஷூ கம்பெனி, ஐபிஎல் அணி ஆகியவற்றின் பதிவு பெற்ற சின்னங்களை அனுமதியின்றித் தைத்து விற்பது வணிகச் சின்னங்கள் சட்டம் 1999-இன்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் தைத்த கடைக்காரர்தான். நான்கு சிங்கம் கொண்ட அரசுச் சின்னத்தைத் தனியார் பயன்படுத்துவதற்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. "எல்லாரும் போடுறாங்கண்ணே" என்பது சட்டத்தின் முன் பதில் ஆகாது.

தப்பாக வந்தால் என்ன செய்வது?

சொல்லிச் செய்த பொருளைச் சும்மா பிடிக்கவில்லை என்று திருப்ப முடியாது. பெயர் தைத்த தொப்பியை வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் கடைக்காரர் மறுப்பது நியாயம். ஆனால், ஒப்புக்கொண்டதற்கு மாறாக வந்தால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி கேட்கலாம். முதலில் தேசிய உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

இதில் ஜெயிப்பதும் தோற்பதும் ஆதாரத்தைப் பொறுத்தது. "நல்லா பண்ணிக் குடுத்துடலாம்" என்ற வாய்ப்பேச்சு ஆதாரம் ஆகாது. லோகோவின் அளவு, நூல் நிறத்தின் எண், தொப்பி வகை, பெயர்ப் பட்டியல், கொடுக்கும் தேதி ஆகியவற்றை ஒரே வாட்ஸ்அப் மெசேஜில் போட்டு "ஓகே" வாங்கி வைப்பதே போதுமான பாதுகாப்பு. எல்லாவற்றுக்கும் முன் ஒரு சாம்பிள் தைத்து, அதன் போட்டோவைப் பார்க்க வேண்டும். நேரில் பார்த்தால் இன்னும் நல்லது. சாம்பிளுக்கு ஒப்புதல் தந்த பிறகு தைத்த பெயரில் எழுத்துப்பிழை இருந்தால், அது ஆர்டர் கொடுத்தவரின் பிழைதான். முழுப் பணத்தையும் முன்பே கட்டாமல், பாதி அட்வான்ஸ், பாதி டெலிவரியில் என்று பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நியாயம். பஞ்சிங்குக்குத் தனியாகக் காசு கொடுத்திருந்தால் அந்த டிஎஸ்டி கோப்பையும் கேட்டு வாங்கலாம். தருவார்களா என்பதை ஆர்டருக்கு முன்பே பேசிவிட வேண்டும். அடுத்த வருடம் வேறு கடைக்குப் போனாலும் 500 ரூபாய் மிச்சம்.

தைத்துக் கொடுத்தவருக்குப் பணம் வராவிட்டால்?

இது அதிகம் பேசப்படாத பக்கம். கம்பெனிகள், கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் தொப்பி வாங்கிவிட்டு, "அக்கவுண்ட்ஸ்ல பில் போட்டாச்சு, அடுத்த மாசம் வந்துரும்" என்று மாதக்கணக்கில் இழுப்பது சின்னக் கடைகளை முடக்கிவிடும். துணிக்கும் நூலுக்கும் அவர் ஏற்கெனவே கைக்காசு போட்டிருப்பார்.

உத்யம் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. வருமான வரிச் சட்டத்திலும் இதற்கு ஒரு கிடுக்கி வந்தது. காலக்கெடுவுக்குள் தராத தொகையை, வாங்கிய கம்பெனி அந்த ஆண்டின் செலவாகக் கணக்குக் காட்ட முடியாது. உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். ஆதார் எண் இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பதிவு இல்லாத தையல்காரருக்கு இந்தப் பாதுகாப்பைக் கேட்டு வாங்குவது கடினம்.

கைத்தொழில்காரர் மெஷின் வாங்க உதவி உண்டா?

கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் விலை லட்சங்களில் இருக்கிறது. மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய பிஎம் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையலும் ஒன்று. அது குலத்தொழிலை ஊக்குவிக்கிறது என்று கூறி, அந்த வடிவில் செயல்படுத்த மறுத்த தமிழ்நாடு அரசு, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில்கள், 35 வயது நிரம்பியவர்கள், 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதாவது 50 ஆயிரம் ரூபாய் வரை மானியம், வட்டியிலும் 5 சதவீதச் சலுகை என்பது அதன் அமைப்பு. தையல் வேலையும் பட்டியலில் உள்ளது. மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

கடன் கிடைத்தாலும் மெஷின் வாங்கிய கையோடு வருமானம் வந்துவிடாது. பஞ்சிங் கற்க வேண்டும், ஆண்டு முழுக்க ஆர்டர் பிடிக்க வேண்டும். சித்திரை மாதம் மட்டும் பரபரப்பாக இருக்கும் கடைக்கு மாதத் தவணை ஆடியிலும் மார்கழியிலும் வந்து நிற்கும். அந்த மாதங்களில் அவருக்கு வேலை கொடுக்கக் கூடியவை ஆபீஸ் டீமின் 25 தொப்பி போன்ற சின்ன ஆர்டர்கள்தான். பெரிய மெஷின்காரர் வேண்டாம் என்று தள்ளும் அதே ஆர்டர்கள்.